நம்ம ஊரு நோட்டிஃபிகேஷன்: சித்தப்பா பார்க்காத மேட்ச்

மார்ச் 2, 2025. ஞாயிற்றுக்கிழமை. ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் ஊரில், பங்காளி வீட்டுக் காதுகுத்து. மூணாவது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப், கையில் மொபைல் என்று உட்கார்ந்திருந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு லீவ் என்றால், ஆபீஸுக்குப் போகாமல் வேலை பார்க்கிற நாள் என்று அர்த்தம்.

டெஸ்க்கிலிருந்து மெசேஜ் வந்தது. ‘சென்டோசா கோல்ஃப் முடியப்போகுது. ஜெயிச்சது யாருன்னு தெரிஞ்சதும் நாலு வரி போட்டுடு.’

கபடி என்றால் நாற்பது வரி எழுதுவேன். ஜல்லிக்கட்டு என்றால் கேட்கவே வேண்டாம், வருஷத்தின் முதல் வாடிவாசல் திறக்கிற தச்சங்குறிச்சி எங்கள் மாவட்டம்தான். ஆனால் கோல்ஃப்? தொப்பி போட்டவர்கள், பச்சைப் புல்வெளி, சின்னதாகக் கை தட்டுகிற கூட்டம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“என்னாத்தா அப்படி உத்துப் பாக்குற?” என்றார் அப்பத்தா.

“கோல்ஃப், அப்பத்தா.”

“கல்ஃபா? அங்கயா? நம்ம மேலத்தெரு பயலும் கல்ஃபுலதான் இருக்கான்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். என் சித்தப்பா. பின்னாலிருந்து எட்டி, என் மொபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரும் பந்தை அடிக்கவில்லை. ஒரு வீராங்கனை குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் அந்தப் புல்லைத்தான் பார்த்தார்.

“காலையில ரெண்டு தடவ வெட்டியிருக்கான். உருளையும் ஓட்டியிருக்கான்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு, பாயசம் எடுத்து வைக்கப் போய்விட்டார். பதில் சொன்னது அவர் மகன், என் தம்பி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

“அப்பா சிங்கப்பூர்ல அந்த வேலைதான்க்கா பாத்துச்சு. புல்லு வெட்டுறது.”

சித்தப்பா இருபது வருஷம் சிங்கப்பூரில் இருந்தார். ‘கம்பெனி வேலை’ என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஊரெல்லாம் மைக் நீட்டி கேள்வி கேட்கிறதுதான் என் தொழில்!

கிட்டிப்புள் தெரியுமா?

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகு, சித்தப்பாவைப் பிடித்து உட்காரவைத்தேன். முதல் கேள்வியே, “எனக்கு கோல்ஃபைச் சொல்லிக்குடுங்க.”

“கிட்டிப்புள் ஆடியிருக்கியா?”

“ம்...”

“அதுல புள்ளை அடிச்சு எவ்வளவு தூரம் போகுதுன்னு அளப்போம்ல. இதுல தூரமா இருக்குற ஒரு குழிக்குள்ள பந்தைத் தள்ளணும். எத்தனை அடியில தள்ளுனன்னு கணக்கு. நம்ம ஊருல கூட எடுத்தவன் ஜெயிப்பான். இதுல கம்மியா எடுத்தவன் ஜெயிப்பான். அவ்வளவுதான் விளையாட்டு.”

இவ்வளவு சுருக்கமாக எந்த வெப்சைட்டிலும் நான் படித்ததில்லை. ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும், திறமையான ஆட்டக்காரருக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதன் பெயர் ‘பார்’. அதைவிட ஓர் அடி குறைத்து முடித்தால் ‘பேர்டி’, இரண்டு அடி குறைத்தால் ‘ஈகிள்’. பெரிய போட்டிகள் பெரும்பாலும் வியாழனில் ஆரம்பித்து ஞாயிறு வரை நாலு நாள் நடக்கும். தினமும் 18 குழி, மொத்தம் 72. குழியின் அகலம் வெறும் 108 மில்லிமீட்டர். ஒரு சின்ன சொம்பின் வாய் அளவு. அதற்குள் பந்தைப் போடத்தான் இவ்வளவு பெரிய புல்வெளி.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் நாலு வரிச் செய்தி ஏற்கெனவே வெளியாகியிருந்தது. ஜெயித்தவர் நியூசிலாந்தின் லிடியா கோ. ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம், 2024-ல் பாரிஸில் தங்கம் என்று மூன்று ஒலிம்பிக்கிலும் மூன்று நிறப் பதக்கம் வாங்கியவர். சென்டோசாவில் நடக்கும் இந்த எச்.எஸ்.பி.சி. மகளிர் உலக சாம்பியன்ஷிப்பை அவர் ஜெயித்தது இதுதான் முதல் முறை. என் செய்தியில் அவர் பெயர் இருந்தது, கோப்பை இருந்தது. அந்தப் புல்லை வெட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பயமுறுத்திய தீவு

சிங்கப்பூர் போய்வந்த சொந்தக்காரர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர் போட்டோ ஆல்பத்தில் சென்டோசா கட்டாயம் இருக்கும். கேபிள் கார், கடற்கரை, 2010-ல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ். 2018 ஜூன் 12 அன்று டிரம்ப்பும் கிம் ஜாங் உன்னும் கைகுலுக்கிய ஹோட்டலும் இதே தீவில்தான் இருக்கிறது.

இந்தத் தீவின் பழைய பெயர் ‘புலாவ் பிளாகாங் மாத்தி’. மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. பெயரைக் கேட்டாலே பயப்படுகிற தீவாக இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் பீரங்கிகளும் ராணுவ முகாமும் இருந்த இடம். 1972-ல் அரசு அதற்கு ‘சென்டோசா’ என்று புதுப் பெயர் வைத்து சுற்றுலாத் தீவாக்கியது. மலாயில் அமைதி என்று பொருள். இரண்டு வருஷத்தில், 1974-ல், அங்கே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. இன்று செராபோங், தஞ்சோங் என்று இரண்டு மைதானங்கள். இரண்டும் 18 குழி மைதானங்கள். ஒரு பக்கம் கடல், கப்பல், துறைமுகத்து கிரேன்கள். இன்னொரு பக்கம் பச்சை.

இங்கே நடந்த போட்டிகளின் வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் உண்டு. 2008-ல் செராபோங் மைதானத்தில் நடந்த சிங்கப்பூர் ஓபனை ஜெயித்தவர் நம் ஜீவ் மில்கா சிங், ‘பறக்கும் சீக்கியர்’ மில்கா சிங்கின் மகன். அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன், தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் என்ற இரண்டு ஜாம்பவான்களை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பின்னால் தள்ளினார்.

பெண்கள் போட்டி 2008-லேயே சிங்கப்பூரில் ஆரம்பித்துவிட்டது. 2013-லிருந்து அது சென்டோசாவில் நடக்கிறது. அதில் ரசிகர்கள் மறக்காத ஆட்டம் 2014-ல் நடந்தது. நாலு நாள் முடிவில் அமெரிக்காவின் பவுலா கிரீமரும் ஸ்பெயினின் அசஹாரா முனோஸும் சமநிலை. ஜெயிப்பவரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டத்தில், 75 அடி தூரத்திலிருந்து கிரீமர் பந்தைத் தட்டினார். 75 அடி என்றால் ஒரு கிரிக்கெட் பிட்ச்சைவிட நீளம். பந்து வளைந்து, உருண்டு, நின்றுவிடுமோ என்று நினைக்கும்போது குழிக்குள் விழுந்தது. கோப்பை அவருக்கு.

அந்த வீடியோவை சித்தப்பாவுக்குப் போட்டுக்காட்டினேன். ஒரு முறை பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூணாவது முறையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அந்த 75 அடியையும் விடியக்காலையில எவனோ ஒருத்தன் வெட்டியிருக்கான்த்தா. நடுவுல ஒரு இடத்துல பிசிறு இருந்திருந்தாலும் பந்து திரும்பியிருக்கும்.”

மூணு மில்லிமீட்டர்

சித்தப்பா வேலை பார்த்த மைதானத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. “வேணாம்த்தா, அங்க நம்ம பயலுக இன்னும் வேலை பாக்குறான்” என்றார். சென்டோசா கிடையாது என்று மட்டும் சொல்லலாம். சென்டோசாவுக்கு அவர் லீவு நாளில் நண்பர்களோடு போயிருக்கிறார், கடற்கரைக்கு மட்டும்.

அவருடைய நாள் காலை நாலு மணிக்கு ஆரம்பிக்கும். ஆட்டக்காரர்கள் வருவதற்குள் மைதானம் தயாராகிவிட வேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். முதலில் புல்லில் நிற்கும் பனித்தண்ணீரைத் தட்டிவிட வேண்டும். பிறகு வெட்டு. குழி இருக்கிற இடத்துக்கு ‘கிரீன்’ என்று பெயர். அங்கே புல்லின் உயரம் சுமார் மூணு மில்லிமீட்டர்தான் இருக்கலாம். இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கிவைத்தால் வருகிற உயரம்! மெஷினின் பிளேடு ஒரு மயிரிழை இறங்கினாலும் புல் செத்துவிடும், மண் தெரியும். அன்றைக்கு மேலதிகாரியின் முகமும் தெரியும்.

“நேரா நடக்கணும். மெஷினோட நடக்கையில திரும்பிப் பாக்கக் கூடாது. கோடு வளைஞ்சா டி.வி-ல தெரியும்” என்றார்.

தினமும் குழியின் இடம் மாறும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நேற்றைய குழியைச் சுற்றிப் புல் மிதிபட்டிருக்கும் என்பதால், வேறு இடத்தில் புதுக் குழி வெட்டி, அங்கிருந்து எடுத்த மண்ணையும் புல்லையும் அப்படியே கொண்டுவந்து பழைய குழியை மூடிவிடுவார்கள். ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது. பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்று அளக்க ஒரு கருவியும் உண்டு. பெயர் ‘ஸ்டிம்ப்மீட்டர்’. 1930-களில் அமெரிக்கர் ஒருவர் கண்டுபிடித்தது. நடுவில் பள்ளம் ஓடும் மூணடி உலோகப் பட்டை. அதில் பந்தை வைத்துச் சாய்த்தால் உருண்டு இறங்கும். எத்தனை அடி தாண்டி நிற்கிறது என்று அளப்பார்கள். சித்தப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தகரக் கோல்’.

“புல்லுக்கு முகம் இருக்குத்தா” என்றார் திடீரென்று. “ஒரு பக்கமா நின்னு பாத்தா பளபளன்னு தெரியும். அப்ப புல்லு நம்மளவிட்டு அந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம், பந்து வேகமாப் போகும். இருட்டாத் தெரிஞ்சா நம்ம பக்கம் சாஞ்சிருக்கு, பந்து தயங்கும். மதியம் அந்தப் பொண்ணு குனிஞ்சு பாத்துச்சுல்ல, அதத்தான் பாத்துச்சு.”

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு அப்பத்தாவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெயில் நாடுகளில் பல கோல்ஃப் மைதானங்களில் வளர்வது ‘பெர்முடா’ புல் அல்லது அதன் கலப்பின வகைகள். பெர்முடா என்றால் ஏதோ சீமைப் புல் என்றுதான் நானும் நினைத்தேன். அது வேறொன்றுமில்லை, நம்ம அருகம்புல்!

“பிள்ளையாருக்குப் போடுறதா?” என்றார் அப்பத்தா.

“அதேதான்த்தா. ஆள் அதே ஆளு. அங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நிக்கிது.”

வயலில் அருகம்புல் வந்தால் நாம் களை என்று பிடுங்குவோம். பிடுங்கப் பிடுங்க வரும். மிதித்தாலும் எழும், காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். அந்தப் பிடிவாதம்தான் அதை மைதானத்துக்குக் கொண்டுபோனது.

சிங்கப்பூர் உலகிலேயே இடி மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. திறந்தவெளியில் உலோகக் குச்சியோடு நிற்கிற விளையாட்டு இது என்பதால், மின்னல் அபாயம் வந்தால் சைரன் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ஆட்டக்காரர்கள் வண்டியேறி உள்ளே போவார்கள். மழை விட்டதும் முதலில் இறங்குகிறவர்கள் சித்தப்பா மாதிரியான ஆட்கள்தான். மணல் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்து, கரைந்த மணலை மறுபடி வாரி மேடேற்றி, கிரீன் மேல் நிற்கும் தண்ணீரை ரப்பர் கட்டையால் தள்ளுவார்கள். டி.வி-யில் அந்த நேரத்துக்கு விளம்பரம் ஓடும்.

“பெரிய மேட்ச் எதையாவது முழுசா பாத்திருக்கீங்களா சித்தப்பா?”

“மேட்ச் ஆரம்பிக்கையில எங்களுக்கு வேலை முடிஞ்சிரும். ரூமுக்குப் போயி சோறாக்கித் தூங்கிருவோம். சாயங்காலம் ஆட்டம் முடிஞ்சதும் திரும்ப வருவோம். ஜெயிச்சவன் யாருன்னு மறுநாள் பேப்பர்ல பாத்தாத்தான் தெரியும்.”

‘கம்பெனி வேலை’

தம்பி இவ்வளவு நேரமும் திண்ணையில் மொபைலைத் தள்ளிக்கொண்டே இருந்தான். கேட்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லியிருக்கிறான், ‘ஒங்கப்பா சிங்கப்பூர்ல மாடு மாதிரி புல்லு மேயுறாராம்டா’ என்று. அடிதடியாகி, சித்தி போய்த்தான் பேசிவிட்டு வந்திருக்கிறார். அதன்பிறகு அவன் அப்பாவின் வேலையைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அப்பாவிடமும் கேட்டதில்லை.

சித்தப்பாவும் சொன்னதில்லை. பெண் பார்க்கப் போனபோது ‘கம்பெனி வேலை’. வீடு கட்டும்போது ‘கம்பெனி வேலை’. “புல்லு வெட்டுறேன்னு சொன்னா, அதுக்கு இங்கேயே வெட்டலாமேன்னு கேப்பாங்கத்தா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வந்த மாதிரி தெரியவில்லை.

2018-ல் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார். கையிலிருந்த காசைத் தென்னந்தோப்பில் போட்டிருந்தார். அதே வருஷம் நவம்பர் 16, கஜா புயல். விடிந்து பார்த்தபோது தோப்பில் நிமிர்ந்து நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பக்கம் எல்லா வீட்டுக் கதையும் அதுதான். அப்புறம்தான் ஒரு சின்ன நர்சரி போட்டார். கன்றுகளோடு புல்லும் வளர்த்து விற்கிறார். திருமண மண்டபம், புது வீட்டு முற்றம் என்று ஆட்கள் கூப்பிடுகிறார்கள். வருமானம் பெரிதாக இல்லை, கடனும் இல்லை.

இப்போது தம்பிக்கு 21 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு அவனும் சிங்கப்பூர் போகவேண்டும் என்கிறான். ஓர் ஏஜென்ட் மூணு லட்சம் கேட்டிருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால், “ஜெனரல் வொர்க்கர், கம்பெனி வேலைதான்” என்றாராம். அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து சித்தப்பாவுக்குத் தூக்கம் இல்லை. நர்சரி இடத்தை அடமானம் வைத்தால்தான் மூணு லட்சம் வரும்.

புல்வெளியிலிருந்து வந்தவர்கள்

அன்று இரவு டெஸ்க் வேலை முடிந்தும் நான் தூங்கவில்லை. மைதானத்தில் வேலை பார்த்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் யாராவது ஆட்டக்காரர் ஆகியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தார்கள்.

கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், 1829-ல் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே தொடங்கிய முதல் கோல்ஃப் கிளப் அதுதான். அங்கே புல் பராமரித்த ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி.சௌராசியா. மைதானத்தில் ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் ‘கேடி’யாக இருந்து ஆட்டம் கற்றார். 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியன் ஓபன் கோப்பை.

அந்த இந்தியன் ஓபனை முதன்முதலில் ஜெயித்த இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். வருஷம் 1991. அவரும் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-ல் அதே கோப்பையை ஜெயித்த பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். பெங்களூரு - மைசூரு சாலையில் பிடதி பக்கம் ஈகிள்டன் கோல்ஃப் ரிசார்ட் இருக்கிறது. 2017-ல் குஜராத் எம்.எல்.ஏ-க்களைக் கொண்டுவந்து தங்கவைத்தார்களே, அதே ரிசார்ட். நமக்கு அந்தப் பெயர் அரசியலால்தான் தெரியும். அதன் பக்கத்துக் கிராமத்துப் பையன் சிக்கரங்கப்பா அங்கே கேடியாக நுழைந்து, இன்று தொழில்முறை ஆட்டக்காரர்.

சிங்கப்பூரிலும் ஒருவர் உண்டு. மர்தான் மாமத். அவரும் கேடியாக ஆரம்பித்தவர். 2004-ல் நம் டெல்லிக்கு வந்து இந்தியன் ஓபனை ஜெயித்துப்போனார். மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரிசையில் எம்.ராமையா, பி.குணசேகரன் என்ற பெயர்களைப் பார்த்தபோது, நம் ஊர் வாக்காளர் பட்டியலைப் பார்ப்பது மாதிரியே இருந்தது.

நம் நாட்டில் பல கிளப்களில் ஒரு பழக்கம் உண்டு. பராமரிப்புக்காக உறுப்பினர்களுக்கு ஆட்டம் இல்லாத நாளில், பெரும்பாலும் திங்கட்கிழமை, கேடிகளை ஆட விடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் திறந்த அந்தக் கதவு வழியாக எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் பாருங்கள்! எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்காது என்பதும் உண்மை. ஆயிரம் கேடிகளில் ஒருவர்தான் சௌராசியா ஆகிறார். மீதிப் பேர் பை தூக்குகிறார்கள், புல் வெட்டுகிறார்கள்.

ஆனால் புல் வெட்டுவதும் ஒரு படிப்பு என்பதைத்தான் நாம் கவனிக்கவில்லை. பெரிய மைதானங்களில் ‘கோர்ஸ் சூப்பரின்டென்டன்ட்’ என்று ஒரு பதவி இருக்கிறது. மண், தண்ணீர், புல் நோய், மெஷின், ஆட்கள் என்று எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கென்று வெளிநாடுகளில் பட்டப்படிப்புகளே உண்டு. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் மலரியல், நில எழிலூட்டும் துறை இருக்கிறது. கோல்ஃப் மட்டுமில்லை, கிரிக்கெட், கால்பந்து மைதானங்களுக்கும் இந்தக் கைப்பக்குவம் வேண்டும். சித்தப்பா இருபது வருஷத்தில் கையால் கற்றது இதில் பாதிப் படிப்பு. ஒரு சர்ட்டிஃபிகேட் மட்டும்தான் அவரிடம் இல்லை.

அப்போ நம்ம ஊருக்கும் ஒரு ரிசார்ட் வேணுமா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. மறுநாள் காலை நர்சரியில் வைத்து சித்தப்பாவிடமே கேட்டேன். கையிலிருந்த ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னார்.

“ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணி எடுக்குற ஊருலயா? பதினெட்டு குழிக்குத் தண்ணி பாய்ச்சுனா நம்ம குளமெல்லாம் என்னாகுறது?”

அவர் வேலை பார்த்த மைதானத்தில் மழைநீர் வீணாகாது. தரையின் சரிவை எல்லாம் குளங்களை நோக்கி வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர்தான் திரும்பப் புல்லுக்குப் பாயும். “நம்ம தாத்தா காலத்துல ஏரிக்கு வரத்துக்கால் வெட்டுனாங்கள்ல, அதே யோசனைதான். அங்க வருஷம் பூரா மழை. இங்க?” என்றார்.

நிலமும் ஒரு கேள்விதான். ஒரு கட்டத்தில் சிங்கப்பூரின் மொத்த நிலத்தில் சுமார் 2 சதவிகிதம் கோல்ஃப் மைதானங்களாக இருந்தது. வீடு கட்ட இடம் தேடும் குட்டி நாட்டில் இது பெரிய அளவு. 2014-லிருந்து ஒவ்வொரு மைதானமாகத் திரும்ப எடுக்க ஆரம்பித்தார்கள். ஜூரோங், ராஃபிள்ஸ் என்ற இரண்டு கிளப்களை கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக எடுத்தார்கள். 2021-ல் அந்த ரயில் திட்டமே கைவிடப்பட்டது தனிக் கதை. கெப்பல் கிளப் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன. பணக்கார நாடே மைதானமா வீடா என்று கணக்குப் போடும்போது, நாம் ஏரிக்கரையில் கோல்ஃப் ரிசார்ட்டுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை.

ஆனால் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் கொஞ்சம் அருகம்புல் வளரலாம். விழுந்தால் முட்டி பெயராத மைதானம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். எங்கள் ஊர் கபடிப் பையன்களின் முட்டியைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

திங்கட்கிழமைக் கேள்வி

சென்னைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தம்பியோடு உட்கார்ந்து சில விஷயங்களைப் பார்த்தோம். உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாடு கிளம்பினால் இவை உதவும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். சிங்கப்பூர் சட்டப்படி அங்குள்ள ஏஜென்சி ஒரு தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம், ஒரு வருஷ வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கைத் தாண்டக் கூடாது. அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் தராமல் ‘கம்பெனி வேலை’ என்று மட்டும் சொல்கிற ஆளிடம் நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டக் கூடாது.

தம்பி ஏஜென்ட்டுக்கு போன் செய்து, எழுத்தில் கேட்டான். “பாத்துட்டு அனுப்புறேன் தம்பி” என்றவர், இதை எழுதும் வரை அனுப்பவில்லை. அடமானப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது. அவன் போவானா, படிப்பானா, அப்பாவோடு நர்சரியில் நிற்பானா என்பது இன்னும் முடிவாகவில்லை. அது அவன் முடிவு.

ஆனால் ஒன்று நடந்தது. பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம், சித்தப்பாவுக்காக அந்தக் கடைசி நாள் ஆட்டத்தின் ஹைலைட்ஸை என் மொபைலில் போட்டேன். மூணு பேரும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். லிடியா கோ கடைசிப் பந்தைத் தட்டி, கோப்பையைத் தூக்கி, எல்லோரும் கை தட்டி முடித்தார்கள். நானும் தட்டினேன். சித்தப்பா மட்டும் திரையின் ஓரத்தில், கூட்டம் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழமைதான் பாவம். ஸ்டாண்டெல்லாம் கழட்டணும். இத்தன பேரு மிதிச்ச புல்ல எழுப்பணும்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தம்பி மொபைலிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான்.

“எத்தன நாள்லப்பா எழும்பும்?”

இருபத்தொரு வருஷத்தில், அப்பாவின் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. சித்தப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கட்டிலிலிருந்து எழுந்து, “வா, காட்டுறேன்” என்று நர்சரிப் பக்கம் நடந்தார். அவனும் பின்னால் போனான். நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். பரவாயில்லை.

உங்கள் வீட்டிலும் ‘கம்பெனி வேலை’ பார்த்த சித்தப்பாவோ மாமாவோ அத்தையோ இருப்பார்கள். இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்னதைக் கமென்ட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் வேறொரு நோட்டிஃபிகேஷனோடு வருகிறேன்.